பெர்மிட் யார் பெயரில்? கோயில் பயணத்துக்குப் பஸ் எடுக்கும் முன்

கேள்வி: தைப்பூசத்துக்கு எங்கள் ஆலய மாதர் பிரிவிலிருந்து பிள்ளைகளோடு சேர்த்து 40 பேர் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகிறோம். இரண்டு இடத்தில் பஸ் விலை கேட்டோம். ஒன்று மற்றதைவிட 900 ரிங்கிட் குறைவு. அது எங்கள் நிர்வாகத்தில் ஒருவருக்குத் தெரிந்த ஆள் மூலம் வந்தது. “எல்லா பெர்மிட்டும் இருக்கு, கவலைப்படாதீங்க” என்கிறார் அவர். கெரிக்கில் மாணவர்கள் வந்த பஸ் கவிழ்ந்த விபத்துக்குப் பிறகு வீடுகளில் பயப்படுகிறார்கள். இதையெல்லாம் அரசாங்கம் பார்க்காதா? நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?
– மாதர் பிரிவுச் செயலாளர், செந்தூல்

பதில்: வணக்கம் அம்மா. அந்தத் தெரிந்த ஆளிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: பெர்மிட் யார் பெயரில் இருக்கிறது? அவருடைய சொந்த கம்பெனி பெயரில் என்றால் மேற்கொண்டு பேசலாம். “கூட்டாளியோடது, நான் எடுத்து ஓட்டுறேன்” என்று இழுத்தால், விலை எப்படி 900 ரிங்கிட் குறைந்தது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

தீபகற்ப மலேசியாவில் ஆட்களை ஏற்றிச் சம்பாதிக்கும் பஸ்களுக்கு உரிமம் கொடுப்பது அபாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஸ்பாட் ஆணையம் பார்த்துவந்த வேலை 2019-இல் போக்குவரத்து அமைச்சின் கீழ் இதற்கு வந்தது. ஓட்டுநரின் உரிமம், சாலையில் சோதனை, சமன் எனப்படும் அபராத நோட்டீஸ் எல்லாம் ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா. வண்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டும் இடம் புஸ்பகோம் போன்ற வாகனச் சோதனை மையம். போலீஸ் தனி. இத்தனை கண்கள் இருக்கின்றன. ஆனால் இவை எல்லாமே ஒரு கம்பெனியின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. உரிமம் வாங்கிய கம்பெனிதான் ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்கும், வண்டியைப் பராமரிக்கும், ஜிபிஎஸ் பார்க்கும் என்ற நம்பிக்கையில்தான் அபாட் உரிமம் தருகிறது.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்து மாதாமாதம் வாடகை வாங்கிக்கொண்டு, வேறொருவர் பஸ்ஸை ஓட்டினால்? தொழிலில் இதற்கு ‘பாஜாக்’ என்று பெயர். பாஜாக் விட்ட பஸ்ஸில் அரசாங்கத்துக்குத் தெரிந்த ஆள் இல்லை. இருக்கிற ஆளை அரசாங்கத்துக்குத் தெரியாது.

கெரிக்கில் வெளிவந்ததும் இதுதான். 2025 ஜூன் 9 அதிகாலை, ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் வந்த பஸ் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். அந்த நிறுவனம் தன் பெர்மிட்டை மூன்றாம் தரப்புக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது. அபாட் உரிமத்தை ரத்து செய்தது. ரத்து செய்தது சரிதான், ஆனால் அது விபத்துக்குப் பிறகு. முன்கூட்டிக் கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர் பஸ்ஸை வாடகைக்கு எடுப்பவர்தான், அதாவது நீங்கள்.

எதைக் கேட்பது? மூன்று இடத்தில் இருக்கும் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் முன்பணம் கட்டியதற்குக் கொடுத்த ரசீதில் உள்ள பெயர், அபாட் உரிம நகலில் உள்ள பெயர், பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயர். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ரசீதே தரமாட்டேன், என் சொந்தக் கணக்கில் பணத்தைப் போடுங்கள் என்று அவர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

உரிம நகலில் பஸ்ஸின் நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த நம்பரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். தைப்பூச சமயத்தில் நடக்கும் கூத்து எனக்கு நன்றாகத் தெரியும். பட்டர்வொர்த்தில் ஒரு பஸ் நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். காட்டிய பஸ் ஒன்று, காலையில் வந்து நின்ற பஸ் வேறொன்று என்பது பெருநாள் சமயத்தில் சர்வசாதாரணம். புது பஸ் அதிக வாடகைக்கு வேறு பக்கம் போய்விடும். கோயில் கூட்டம்தானே, சண்டை போடாமல் ஏறிவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. நாமும் பெரும்பாலும் அப்படித்தான் ஏறிவிடுகிறோம். பஸ் மாறினால் முதல் நாளே சொல்ல வேண்டும், மாற்று பஸ்ஸின் நகலும் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பெயரோடு இன்னொரு சொல்லும் பஸ்ஸின் மேல் எழுதியிருக்கும். உங்களுக்கு வேண்டியது ‘பஸ் பெர்சியாரான்’, அதாவது சுற்றுலா பஸ். ‘பஸ் செக்கோலா’ என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ‘பஸ் பெக்கெர்ஜா’ என்றால் தொழிற்சாலை ஊழியர்களுக்கு. விடுமுறை நாளில் சும்மா நிற்கும் அந்த பஸ்களைத்தான் மலிவாகப் பேசிவிடுவார்கள். பக்கத்துத் தாமானுக்குப் போகிற பஸ்ஸும் பினாங்கு வரை சுமார் 350 கிலோமீட்டர் ஓடுகிற பஸ்ஸும் ஒன்றல்ல. போதாததற்கு, உரிமத்துக்கு மாறான வேலையில் விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் தகராறு பண்ண அதுவே காரணமாகிவிடும்.

புஸ்பகோம் அறிக்கையையும் கேளுங்கள், தேதி ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிரேக், டயர் எல்லாம் அன்றைக்கு எப்படி இருந்தது என்பதைத்தான் அது சொல்லும். சோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை மாட்டிப்போய், திரும்பி வந்ததும் கழற்றியதை நானே பார்த்திருக்கிறேன். உங்களில் லாரியோ வேனோ ஓட்டிய அண்ணன் ஒருவர் இருந்தால், ஏறுமுன் டயரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பூ, அதாவது மேலே உள்ள வரிப்பள்ளம், தேய்ந்திருந்தால் அவருக்கு ஒரு பார்வையில் தெரியும்.

இரண்டு விதிகள் புதியவை. 2025 ஜூலை 1 முதல் விரைவு பஸ்ஸிலும் சுற்றுலா பஸ்ஸிலும் ஓட்டுநர், பயணிகள் எல்லாரும் சீட் பெல்ட் போட வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் தயாரான பஸ்களில் இது கட்டாயம், போடாத பயணிக்கே 300 ரிங்கிட் சமன் வரும். ஆகவே பஸ் எந்த ஆண்டு தயாரிப்பு என்று கேட்டு, முடிந்தவரை 2020-க்குப் பிந்தியதை எடுங்கள். பிள்ளைகளையும் தலையாக எண்ணுங்கள். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு பெல்ட் உள்ள பஸ்ஸில் செல்லாது. மற்றது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத இந்தக் கருவி 2025 அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாகக் கனரக வாகனங்களுக்குக் கட்டாயமாகிவருகிறது. “உங்க பஸ்ஸுல அது செக் பண்ணியாச்சா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். முறையாக நடத்துபவர் உடனே பதில் சொல்வார்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை ஓட்டுநரின் தூக்கம்தான். உங்கள் திட்டம் எனக்குத் தெரியாது, ஆனால் வழக்கமாக நடப்பது இது: வேலை முடிந்து இரவு 11 மணிக்குப் புறப்பட்டு, விடியுமுன் ஜூரு டோல் தாண்டி, பாலம் ஏறி, எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். ஜாலான் கெபுன் பூங்கா பக்கம் சாலை மூடியிருக்கும். ஓட்டுநர் பஸ்ஸை எங்கோ தள்ளி நிறுத்திவிட்டு, வெயிலில் அதற்குள்ளேயே புரண்டு படுப்பார். நாம் காவடி பார்த்து, தண்ணீர்ப்பந்தலில் சாப்பிட்டு, அசதியோடு ஏறித் தூங்கிவிடுவோம். நம்மைவிட அசந்துபோனவர் ஸ்டியரிங் பிடித்திருப்பார். கெரிக் விபத்து நடந்தது நள்ளிரவு தாண்டி. 2007-இல் புக்கிட் கந்தாங்கில் நடந்த பெரிய பஸ் விபத்தும் விடியற்காலை, அதுவும் நீங்கள் போகப்போகும் இதே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில்.

அதனால் இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு பேருக்கும் பயணிகள் பஸ் ஓட்டும் பிஎஸ்வி உரிமம் இருக்க வேண்டும். மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டினால் போதும், ஒரு நிமிட வேலை. ஒருவர்தான் வருவார் என்றால் பகலில் புறப்படுங்கள், ஓட்டுநருக்குப் பட்டர்வொர்த் பக்கம் மலிவாக ஓர் அறை எடுத்துக் கொடுங்கள். அறைச் செலவை 40 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சில ரிங்கிட்தான். அந்த 900 ரிங்கிட் வித்தியாசமும் ஆளுக்கு 22 ரிங்கிட் 50 சென் மட்டுமே. நிர்வாகக் கூட்டத்தில் யாராவது முணுமுணுத்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பால்குடம், அண்டா, காவடிச் சாமான் எல்லாம் கீழே சாமான் அறைக்குப் போகட்டும். நடைபாதையில் அடுக்கினால் அவசரக் கதவுக்குப் போக வழி இருக்காது.

வழியில் ஓட்டுநர் தாறுமாறாக ஓட்டினால், பொறுப்பான ஒருவர் மட்டும் முன்னே போய் அமைதியாகச் சொல்லட்டும். பத்துப் பேர் சேர்ந்து கத்தினால் அவர் கவனம்தான் சிதறும். கேட்கவில்லையா, அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்குங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 999. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பஸ் பழுதாகி நின்றால், அதை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் உதவி எண் 1800-88-0000. புகார் கொடுக்க பஸ் நம்பர், தேதி, நேரம், எந்தக் கிலோமீட்டர் கல் என்ற நான்கும் வேண்டும், வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. ஓட்டியவிதம் பற்றிய புகார் ஜேபிஜேவுக்கு, பெர்மிட் பற்றியது அபாட்டுக்கு. எதற்கு யார் என்று குழப்பமாக இருந்தால் இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள், தப்பில்லை.

புறப்படும் நாளில் பஸ்ஸின் பக்கவாட்டுப் பெயரும் நம்பரும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து மாதர் பிரிவு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். ஓட்டுநர் பார்க்கும்படியே எடுங்கள்.