கர்ப்பகால சர்க்கரை இருக்கும்போது பிளேட்லெட் 1.32 லட்சம், எம்.பி.வி. அதிகம் என்று வந்தால் பயப்பட வேண்டுமா?

30வது வாரம், சாப்பாட்டிலேயே சுகர் ஓரளவு அடங்கியிருக்கிறது, பிரஷர் சரியாக இருக்கிறது, ஆனால் அறிக்கையில் இந்த இரண்டு வரிகளைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். இரண்டாவது பிரசவத்தின்போது எனக்கும் சர்க்கரை வந்தது. அதனால் இரண்டு பக்கமும் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அந்த 1.32 லட்சம். பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் சின்ன அணு. வழக்கமான அளவு 1.5 முதல் 4.5 லட்சம் வரை. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடிவிடும். அணுக்கள் அந்த வேகத்தில் கூடாது. போதாததற்கு நஞ்சுக்கொடியும் கொஞ்சம் பிளேட்லெட்டைச் செலவழிக்கும். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குக் கடைசி மாதங்களில் எண்ணிக்கை 1.5 லட்சத்துக்குக் கீழே வருகிறது. பிரசவம் முடிந்து சில வாரங்களில் தானாகவே ஏறிவிடும். 1 லட்சத்துக்குக் கீழே போனாலோ, சில நாட்களில் மளமளவென்று இறங்கினாலோதான் மருத்துவர் வேறு காரணம் தேடுவார்.

இன்னொன்றும் உண்டு. ஊதா மூடி போட்ட குழாயில் உங்கள் ரத்தத்தைப் பிடிப்பார்கள், கவனித்திருப்பீர்கள். அதற்குள் ஈ.டி.டி.ஏ. என்ற உறையாமை மருந்து இருக்கும். சிலருடைய பிளேட்லெட்டுகள் அந்த மருந்து பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். எண்ணும் இயந்திரம் அந்தக் கொத்தைப் பிளேட்லெட்டாகவே எடுத்துக்கொள்ளாது, அதனால் எண்ணிக்கை குறைவாக வரும். எண்ணிக்கை குறைவாக வந்தால் நாங்கள் ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்துச் சாயம் போட்டுப் பார்ப்போம். பூச்சு மெலிந்து முடியும் ஓரத்தில் ஊதாப் புள்ளிகள் திட்டுத்திட்டாகக் கிடந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. வேறு உறையாமை மருந்து இருக்கும் நீல மூடிக் குழாயில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வோம். உங்கள் அறிக்கையின் அடியில் இதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, எம்.பி.வி. பிளேட்லெட்டின் சராசரிப் பருமன் அது, அவ்வளவுதான். எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வருபவை பெரியதாக இருக்கும். ஒரு பிளேட்லெட்டின் ஆயுள் 7 முதல் 10 நாள். செலவு வேகமாக இருந்தால் புதியவை நிறைய வரும், சராசரியும் ஏறும். கர்ப்பகால சர்க்கரை உள்ளவர்களிடம் இது சற்றுக் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, சில ஆய்வுகளில் வித்தியாசமே இல்லை. தனி ஒருவருக்கு இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏனென்றால் தட்டையாக இருக்கும் பிளேட்லெட் அதே ஈ.டி.டி.ஏ. குழாயில் கிடக்கக் கிடக்க உருண்டு உப்பும். எடுத்தவுடன் இயந்திரத்தில் ஓட்டிய மாதிரிக்கும் இரண்டு மணி நேரம் காத்திருந்த மாதிரிக்கும் எண் மாறும். அந்த மேல்நோக்கிய அம்புக்குறிக்காகத் தூக்கத்தை விடாதீர்கள்.

அப்புறம், இணையத்தில் ‘ரத்தக்குழாய் பாதிப்பு’ என்று படித்தது சுத்தப் பொய்யா என்றால், இல்லை. நான் கவலைப்படச் சொல்லும் இடம் அதுதான், ஆனால் அது உங்கள் அறிக்கையில் இல்லை. ரத்தக்குழாயின் உட்பூச்சு எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள். அவை நைட்ரிக் ஆக்சைடையும் புரோஸ்டாசைக்ளினையும் சுரந்து குழாயைத் தளர்வாக வைத்திருக்கும், பிளேட்லெட்டைத் ‘தள்ளியே போ’ என்று அதட்டியும் வைக்கும். நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதைத் தூண்டும் வேலையில் இன்சுலினுக்கும் பங்கு உண்டு. இன்சுலின் எடுபடாத உடலில் அந்தத் தூண்டுதல் குறைகிறது. கூடுதல் சர்க்கரை, இருக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் வீணடிக்கிறது, பிளேட்லெட்டின் மேற்பரப்புப் புரதங்களிலும் ஒட்டிக்கொள்கிறது. அதட்டல் குறைந்த பிளேட்லெட் சின்னத் தூண்டலுக்கே பிசுபிசுப்பாகிவிடும். எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே இது நடக்கலாம், எங்கள் இயந்திரத்துக்கு இது தெரியாது.

அதனால் இப்போது பார்க்க வேண்டியது பிரஷரை. கர்ப்பகால சர்க்கரை உள்ளவர்களுக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை, வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 140/90 தொட்டாலோ, விடாத தலைவலி, கண்ணில் மின்னல், மேல் வயிற்று வலி, திடீர் முகவீக்கம் வந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். அந்த நிலையில் பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே இறங்கினால் அது மிகப் பெரிய எச்சரிக்கை.

ஆஸ்பிரின் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாகப் போடாதீர்கள். ப்ரீ-எக்லாம்ப்சியாவைத் தடுக்க அதை 12 முதல் 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அதனால் திரும்ப உருவாக்கிக்கொள்ள முடியாது, அதன் ஆயுள் முழுக்க அப்படியேதான் ஓடும். பிரசவம் நெருங்கும் நேரத்தில் இதை மருத்துவர் கணக்குப் போட்டுத்தான் தர வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்வதில்லை, எனக்கும் சொல்லவில்லை. குழந்தை பிறந்ததும் சுகர் இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். 2019ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், கர்ப்பகால சர்க்கரை வந்த பெண்களுக்குப் பின்னாளில் இதய, ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. பின்னால் சர்க்கரை நோயே வராதவர்களுக்கும் ஒன்றரை மடங்கு. பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை, பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுகர். இதோடு பிரஷரும் கொழுப்பும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இன்றைக்கே தேதியைக் குறித்து வையுங்கள், கைக்குழந்தையோடு இருக்கும்போது நினைவு வராது.

அடுத்த செக்கப்பில் பிளேட்லெட்டை மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அதே லேபில் கொடுங்கள். சுகர் அளவை ஏன் இன்னும் இறக்கச் சொல்கிறார்கள் என்று அப்போது மருத்துவரிடம் கேட்டால், எம்.பி.வி. பற்றிக் கேட்பதைவிடப் பயனுள்ள பதில் கிடைக்கும்.