பெட்ரோல் விலைக்குப் பயந்து காரை மாற்றலாமா?

கேள்வி: ஈரோட்டில் வீடு, பெருந்துறை சிப்காட்டில் வேலை. போக வர 40 கி.மீ. 2016-இல் வாங்கிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். லோன் முடிந்துவிட்டது. லிட்டருக்கு 15 கி.மீ. தருகிறது, மாதம் 1,100 கி.மீ. ஓடுகிறது. சம்பளம் 62,000 ரூபாய், வீட்டுக்கடன் தவணை 14,000. பெட்ரோல் போட்டே கட்டுப்படியாகவில்லை. ஷோரூமில் பழைய காரை 2.5 லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். மீதி 10 லட்சத்துக்கு லோன் போட்டு எலக்ட்ரிக் கார் வாங்கலாமா, டீசல் பரவாயில்லையா? வீட்டில் ஒரு 110 சிசி பைக் கவர் போட்டு நிற்கிறது, அதையும் கொடுத்துவிடலாமா?
- ஈரோடு வாசகர்

பதில்: பைக்கைக் கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பெட்ரோல் செலவு. 1,100 கி.மீ. என்றால் சுமார் 73 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் மாதம் 7,400 ரூபாய் போல வரும். 10 லட்சம் கடனுக்கு 9% வட்டியில் ஏழு வருடத் தவணை 16,089 ரூபாய். பெட்ரோலே போடாமல் கார் ஓடினாலும் இது நட்டம்தான். எலக்ட்ரிக் கார் சும்மாவும் ஓடாது. யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று பிடித்தால் இரண்டு மாதத்துக்கு 314 யூனிட் ஆகும். இப்போது உங்கள் வீட்டில் 350 யூனிட் வருகிறது என்றால் மொத்தம் 660-ஐத் தாண்டும். நம் மின் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் ரேட் கூடிவிடும் என்பதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. அதையும் சேர்த்தால் கரண்டுக்கு மாதம் 1,300 ரூபாய் கூடுதல் செலவு. திருப்பிப் போட்டுப் பார்த்தேன்: உங்கள் ஓட்டத்துக்கு இந்தக் கார் கட்டுப்படியாக வேண்டுமானால் பெட்ரோல் லிட்டர் 238 ரூபாய்க்குப் போக வேண்டும்.

இன்னும் ஏறுமே என்ற பயம் புரிகிறது. சென்னையில் 2022 ஏப்ரலில் லிட்டர் 110.85 ரூபாய் வரை போனது. மத்திய அரசு வரியைக் குறைத்ததால் 2022 மே மாதம் 102.63 ஆனது. அப்புறம் ஏறத்தாழ இரண்டு வருடம் அசையவே இல்லை. 2017 ஜூனிலிருந்து தினமும் விலை மாறும் என்று பெயர்தான். இரண்டு ரூபாய் ஏறினால் உங்களுக்கு மாதம் 146 ரூபாய் கூடும். பங்க்கில் மீட்டர் ஓடும்போது வலிக்கும் அளவுக்கு நோட்டில் எழுதிப் பார்த்தால் வலிக்காது.

டீசல் கதை எனக்கு நன்றாகத் தெரியும், நானே மாட்டியவன். 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல் ஆனது அந்தச் சமயத்தில்தான். 2013-இல் நானும் கூடுதலாக ஒரு லட்சம் கொடுத்து ஒன்று எடுத்தேன். மாதம் 600 கி.மீ. கூட ஓட்டவில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. வித்தியாசம் சுருங்கியது, என் ஒரு லட்சம் திரும்பவே இல்லை. 2020-இல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது. இன்றைக்கு வித்தியாசம் எட்டு, ஒன்பது ரூபாய்தான். மாதம் 2,500 கி.மீ. ஓட்டுபவர் கேட்டால் யோசித்துச் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம்.

சரி, பைக்குக்கு வருவோம். உங்கள் 1,100 கி.மீட்டரில் 960 வேலைக்குப் போய்வருவது, அதுவும் பெரும்பாலும் தனியாகத்தானே போவீர்கள்? ஓர் ஆளைக் கொண்டுபோக ஐந்து பேர் கார் எதற்கு? அந்த 960 கி.மீ. காருக்கு 6,460 ரூபாய் ஆகிறது. 50 கி.மீ. தரும் பைக்குக்கு 1,940 ரூபாய் போதும். மழை நாளுக்குக் கார் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. தினமும் பைக் முடியாது, முதுகு வலிக்கும் என்றால் அதே ஷிப்டில் வரும் இரண்டு பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு பெட்ரோலைப் பங்கு போடுங்கள். அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு மிச்சமாகும்.

மிச்சமாகும் 4,500 ரூபாயைச் சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி.யில் போடுங்கள். மூன்று வருடத்தில் வட்டி இல்லாமலே 1,62,000 ரூபாய் சேரும். அப்போதும் எலக்ட்ரிக் கார் ஆசை இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

கவரைப் பிரித்ததும் கிளம்பிவிடாதீர்கள். நெடுநாள் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும், டயர் வெடிப்பு விட்டிருக்கும். முக்கியமாக இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா பாருங்கள்.