கேள்வி – பதில்: எல்லாத் தளத்துக்கும் ஒரே செயலியா?

கேள்வி: யாங்கோனில் உளுந்தும் துவரையும் மொத்தமாக வாங்கி விற்கிறோம். இருப்பையும் பற்றுவரவையும் பதிய ஒரு செயலி எழுதவிருக்கிறோம். ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி மூன்றுக்கும் ஒரே நிரலாக ஃபிளட்டர் என்ற கருவியில் எழுதலாம் என்கிறார் ஒருவர். அது மந்தமாக ஓடும், ஒவ்வொன்றுக்கும் தனி நேட்டிவ் செயலிதான் (அந்தத் தளத்துக்கென்றே எழுதியது) வேண்டும் என்கிறார் மற்றொருவர். எழுதப்போகிற என் தம்பி ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதும் கோட்லின் மொழி கற்றவன். கடையில் எல்லோரிடமும் இருப்பது ஆண்ட்ராய்டு. யார் சொல்வதைக் கேட்பது?
– யாங்கோன் வாசகர்

பதில்: இருவருமே உங்கள் கடையைப் பார்க்காமல் பேசியிருக்கிறார்கள். மந்தம் என்பது பழைய குற்றச்சாட்டு. 1995இல் வெளிவந்த ஜாவா மொழியில், நிரல் முதலில் ஓர் இடைநிலைக் குறியீடாக மாறி, அதை ஜாவா மெய்நிகர் இயந்திரம் படித்து இயக்கியது. அந்தக் காலத்தில் கிடைத்த கெட்ட பெயர் இன்றும் இவ்வகைக் கருவிகள் அனைத்தின்மீதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபிளட்டரில் எழுதும் டார்ட் மொழி நிரலோ, செயலியை வெளியிடும்போதே கைப்பேசிச் செயலகத்துக்குரிய இயந்திர மொழியாக மாற்றப்பட்டுவிடுகிறது. பட்டியலும் படிவமும் மட்டுமே உள்ள ஒரு செயலியில் வேக வேறுபாட்டை உங்கள் கணக்கப்பிள்ளை உணரவே மாட்டார்.

உங்களுக்கு நான் ஃபிளட்டரைப் பரிந்துரைக்காததற்குக் காரணம் வேறு. பல தளங்களின் சுமையைக் குறைக்க வந்த கருவி அது. உங்களிடம் இருப்பதோ ஒரே தளம். நாளை ஐபோன் வேண்டுமென்றாலும், அதற்கான செயலியை உருவாக்க ஒரு மேக் கணினியும், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்டணமும் எப்படியும் தேவைப்படும். இவற்றிலிருந்து ஃபிளட்டர் விலக்கு வாங்கித் தருவதில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். புளூடூத் பில் பிரிண்டரையும் மின்னணுத் தராசையும் செயலியோடு இணைக்கும் நாள் வரும். அவற்றின் தயாரிப்பாளர்கள் நிரல்தொகுப்பு கொடுத்தால், பெரும்பாலும் அது ஆண்ட்ராய்டின் ஜாவாவுக்கோ கோட்லினுக்கோ உரியதாகவே இருக்கும். ஃபிளட்டரில் எழுதினால், அதை எட்டுவதற்கு யாரோ ஒருவர் எழுதிவைத்த இணைப்பு நிரலை நம்ப வேண்டும், அல்லது அந்தப் பகுதியை மட்டும் உங்கள் தம்பி கோட்லினிலேயே எழுத வேண்டும். தெரிந்த மொழி கையில் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு?

அலுவலகக் கணினிக்கு எலக்ட்ரான் என்ற கருவியில் எழுதலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதில் எழுதிய ஒவ்வொரு செயலியும் ஒரு முழு குரோமியம் உலாவியைத் தன்னோடு சுமந்துவருகிறது; 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியில் அது நூற்றுக்கணக்கான மெகாபைட்டை விழுங்கும். ஏற்கெனவே திறந்திருக்கிற உலாவியிலேயே இயங்கும் ஒரு வலைச் செயலி அங்கே போதும். மின்சாரத்தோடு இணையமும் போய்விடுகிற நேரங்களிலும் பதிவுகள் தங்கும்படி அதை எழுத முடியும்.

கேள்வி: கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஓர் எழுத்து விளையாட்டை விளையாட்டு இயந்திரம் (கேம் என்ஜின்) என்னும் மென்பொருளில் செய்தோம். ‘கெ’ என்று எழுதினால் கொம்பு பின்னால் போய் நிற்கிறது. பர்மிய எழுத்துகளும் சில பழைய கைப்பேசிகளில் குலைகின்றன. இரண்டும் ஒரே கோளாறா?
– மோல்மேன் வாசகர்

பதில்: இரண்டும் வெவ்வேறு. எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ககரம் முதலிலும் கொம்பு அடுத்துமாகத்தான் சேமிக்கப்படுகின்றன; திரையில் வரையும்போது கொம்பை முன்னால் நகர்த்துவதும், ‘கொ’வில் ஒரே உயிர்க்குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து இருபுறமும் வைப்பதும் எழுத்துகளை முறைப்படி அடுக்கி வரையும் நிரலின் வேலை. நேட்டிவ் செயலிக்கு இந்த வேலையை இயங்குதளமே செய்துகொடுக்கும். ஃபிளட்டர், விளையாட்டு இயந்திரம் போலத் தானே திரையை வரைந்துகொள்ளும் இயக்கச்சூழல் அதைத் தானே கொண்டுவர வேண்டும். ஆண்ட்ராய்டு பயன்படுத்துகிற ஹார்ஃப்பஸ் என்ற அதே நிரல் நூலகத்தை ஃபிளட்டரும் உடன்கொண்டுவருவதால், அதில் தமிழ் சரியாக வரும். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்துச் செய்த இயந்திரங்கள் குறிகளைச் சேமித்த வரிசையிலேயே அடுக்கிவிடுகின்றன. எழுத்தே பாடமாக இருக்கும் ஒரு விளையாட்டுக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை இல்லை, கருவியை மாற்றுங்கள்.

பர்மியச் சிக்கலுக்கு ஸவ்ஜி காரணம். யூனிகோடின் பர்மிய இடங்களையே தன் விருப்பப்படி பயன்படுத்திய எழுத்துரு அது. 2019 அக்டோபர் 1 முதல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறினாலும், பழைய கைப்பேசிகளில் அது இன்னும் குடியிருக்கிறது. கைப்பேசியின் எழுத்துருவை நம்பும் செயலி அங்கே குலையும். யூனிகோடு எழுத்துருவை உள்ளேயே வைத்து அனுப்பினால், நேட்டிவ் ஆனாலும் ஃபிளட்டர் ஆனாலும் செயலியின் சொந்த எழுத்துகள் தப்பிக்கும். ஆனால் ஸவ்ஜி விசைப்பலகையில் பயனர் தட்டெழுதியது அப்போதும் பிழையாகவே தெரியும். அதைக் கண்டறிய கூகுள் வெளியிட்ட மியன்மார் டூல்ஸ் நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இத்தகைய கருவியைத் தயாரித்த நிறுவனமே கைவிட்டுவிட்டால்?
– பெகு வாசகர்

பதில்: நடந்திருக்கிறது. உலாவியில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31இல் முடிந்தது. ஃபிளட்டரைப் போலப் பல தளங்களுக்கு எழுத உதவிய ஸாமரினுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 மே 1இல் நிறுத்தியது. திரை தொடர்பான நிரலை என்றாவது ஒருநாள் மறுபடி எழுத நேரும் என்றே கணக்கிட்டு, வட்டி, நிலுவை போன்ற கணக்கீடுகளை அதனோடு கலக்காமல் தனியே எழுதச் சொல்லுங்கள். தரவை எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பில் வையுங்கள்; 2050 வரை அதைப் பேணப்போவதாக அதன் ஆக்குநர்கள் அறிவித்திருக்கிறார்கள், எந்தத் தளத்திலும் அது திறக்கும்.