மாடனின் படைப்பும் வீட்டுக்கு வந்த பாட்டிலும்

கேள்வி: என் கணவர் எங்கள் குடும்பக் கோயிலில் சுடலைமாடனுக்குக் கோமரத்தாடி, அதாவது அருள் வந்து ஆடும் சாமியாடி. கொடை விழாவுக்காகக் கால்நாட்டினால் விரதம் இருப்பார். மற்ற நாளெல்லாம் குடிக்கிறார். கேட்டால், "மாடன் கேக்கான்" என்கிறார். இந்த ஆண்டு விரதத்தின் மூன்றாம் நாள் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கை நடுங்கியது. சுவரோரம் யாரோ நிற்பதாகச் சொன்னார். அருள் வந்ததென்று எல்லாரும் கும்பிட்டார்கள். குடியைத் தடுத்தால் தெய்வக் குற்றமாகுமா?
– வாசகி, பூதப்பாண்டி

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஆகாது. கால்நாட்டிய பிறகு குடியைத் தொடக்கூடாது என்பதும் அதே மாடனுக்கான முறைதானே! கொடையில் மாடனுக்கு மது வைக்கும் படைப்பு ஓர் இரவுக்கும் ஓர் இலைக்கும் உரியது; அதைத் தினசரிக் குடிக்குச் சாட்சியாக அழைப்பதுதான் சாமிக்குச் செய்யும் குறை. நம் தாத்தாக்கள் காலத்தில் பனையிலிருந்து இறக்கிய கள்ளும் படைப்பில் இருந்தது. அதில் ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இன்று அந்த இடத்தில் நிற்கும் பிராந்தியில் 42.8 சதவீதம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்தது அந்த மூன்றாம் நாள்தான். அருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால், நெடுநாள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது, முதல் இரண்டு நாட்களுக்குள் நடுக்கமும் வலிப்பும், அதையடுத்து இல்லாத உருவங்கள் தெரிவதும், காய்ச்சலும், ஆளை அடையாளம் தெரியாத குழப்பமும் வரக்கூடும் என்பதையும், சிகிச்சை கிடைக்காவிட்டால் அது உயிரையே பறிக்கலாம் என்பதையும் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வேளையில் திருநீறு பூசுங்கள், தவறில்லை. பூசிய கையோடு மருத்துவமனைக்குப் போக ஆட்டோவையும் அழைத்துவிடுங்கள். பாட்டிலை ஒளித்து, வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்த வைக்கவும் முயல வேண்டாம்.

அடுத்த கொடைக்குப் பல வாரங்கள் முன்பே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தோடு பாதுகாப்பாக நிறுத்த வழி இருக்கிறது. உடனே ஆலோசனை வேண்டுமானால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் பேசலாம்.

படைப்பை மாற்றுவது குடும்பத்தார் கூடி முடிவு செய்ய வேண்டியது. பலிக்குப் பதிலாகத் தடியங்காய் (நீர்ப்பூசணி) வெட்டும் கோயில்கள் இருக்கும்போது, பாட்டில் இருந்த இடத்தில் அக்கானியோ (பதநீர்) இளநீரோ வைக்கலாமென்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். அதைக் கோயிலில் மூத்தவர் ஒருவர் வாயால் கேட்க வையுங்கள். நீங்கள் சொன்னால் சண்டையாக எடுத்துக்கொள்பவர், அவர் சொன்னால் முறையாக எடுத்துக்கொள்வார்.