சீலியாக் நோயும் எடைக்குறைப்பு அறுவையும்: உணவியல் ஆலோசகர் பதில்கள்

ஜார்ஜ் டவுன் வாசகி: சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் புண்படும் நோய்) இருக்கிறது, எடை 112 கிலோ. ஸ்லீவா, பைபாஸா?

அறுவை மருத்துவர் முடிவு செய்யட்டும், அம்மா. அவரிடம் பேசுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இரும்புச்சத்து பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில்தான் உறிஞ்சப்படுகிறது. சீலியாக் நோய் அரிப்பதும் அந்த இடத்தைத்தான். பைபாஸில் உணவு அங்கே போகாமலே கீழே இறங்கிவிடும். ஏற்கெனவே இரத்தசோகை இருந்தால் பட்ட காலிலே படும் கதைதான். ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டினாலும் குடலின் வழி மாறுவதில்லை. ஆனால் கடுமையான நெஞ்செரிச்சல் இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதைச் செய்தாலும் இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகளை ஆயுள் முழுக்கப் பார்த்துவர வேண்டும்.

பிறை வாசகர்: நோய் இருக்குமோ என்று சந்தேகம். சப்பாத்தியை நிறுத்தி ஒரு மாதமாகிறது. இப்போது பரிசோதிக்கலாமா?

கோதுமை சாப்பிட்டுவரும்போதுதான் அந்த இரத்தப் பரிசோதனையை நம்பலாம். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். மீண்டும் எத்தனை வாரம் சாப்பிட வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள், ஐயா. அறுவைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பைபாஸுக்குப் பிறகு வழக்கமான எண்டோஸ்கோப்பி (வாய்வழிக் குழாய்க் கேமரா) சிறுகுடலின் தொடக்கத்தை எட்டாது.

கிள்ளான் வாசகி: மாமாக் கடைத் தோசை?

மாவில் குற்றமில்லை, கல்லில்தான் இருக்கிறது. போன ஞாயிறு பார்த்தேன்: ரொட்டி சானாய் புரட்டிய கல், ஓரமெல்லாம் கருகிய மைதாத் துகள், அதன்மேலேயே தோசை ஊற்றினார்கள்.

இன்னொருவர்: துகளுக்கா இத்தனை பயம்? எங்கள் வீட்டில் எல்லாரும் அங்கேதான் சாப்பிடுகிறோம்.

உங்கள் வீட்டில் யாருக்கும் இந்த நோய் இல்லை. நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடல் புண்படும். ஒரு ரொட்டித் துண்டில் இருப்பது அதைப்போல் பல மடங்கு.

அவரே: அப்படியென்றால் வீட்டுச் சாம்பார்கூடக் கூடாதா?

கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதுண்டு. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். அரிசி மாவு சேர்த்தது என்றால் வாங்கலாம். சாம்பாரை விடச் சொல்லவில்லை, டப்பாவை மாற்றச் சொல்கிறேன். சோயா கிச்சாப்பிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு.

ஈப்போ வாசகி: அறுவைக்குப் பின் நீராகாரம் மட்டும்தானாம். மைலோ?

பார்லி மால்ட் இருக்கிறது, வேண்டாம். ஹார்லிக்ஸும் வேண்டாம்.

செந்தூல் வாசகர்: ரொட்டியை நிறுத்திவிட்டேன், பரிசோதனை…

பிறை அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள். தயவுசெய்து, பரிசோதனைக்கு முன் யாரும் நிறுத்தாதீர்கள்!

பட்டர்வொர்த் வாசகி: பைபாஸ் முடிந்து எட்டு மாதம். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

இனிப்பு சாப்பிட்ட அரை மணிக்குள் வியர்வையும் படபடப்பும் சேர்ந்து வந்தால் டம்பிங்காக (உணவு குடலுக்குள் மிக வேகமாக இறங்கும் தொல்லை) இருக்கலாம். எதைச் சாப்பிட்டாலும் போகிறது, இரும்பும் இறங்குகிறது என்றால் சீலியாக் பரிசோதனை கேளுங்கள். அறுவைக்குப் பிறகு வெளிப்படுவதும் உண்டு. அதுவரை சப்பாத்தியை நிறுத்த வேண்டாம், அக்கா.