அது அழுக்கு இல்லை

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. உயரம் 142 சென்டிமீட்டர், எடை 54 கிலோ. கணவர் குவைத்தில் இருக்கிறார். அவருக்கு 38 வயதிலேயே சுகர் வந்துவிட்டது. நானும் பிள்ளைகளும் கருங்கல் பக்கம் மாமியாரோடு இருக்கிறோம். "வளருற பிள்ளை, வயிறு வாடக் கூடாது" என்று மாமியார் ஊட்டிக்கொண்டே இருப்பார். நான் ஏதாவது சொன்னால் சண்டை. வெள்ளிக்கிழமை லீவு நாளில் கணவர் அங்கிருந்தே ஊர்க் கடைக்குப் போன் போட்டு மகனுக்குச் சிக்கனும் கோலாவும் கொடுத்துவிடச் சொல்வார். மகன் எல்லாவற்றுக்கும் மடி. குளிக்கக்கூடச் சோம்பல், கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக அழுக்கு, தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. இரவு குறட்டை, வகுப்பில் தூக்கம் என்று டீச்சர் புகார். தைராய்டாக இருக்குமோ? தை மாதம் என் நாத்தனாருக்குக் கல்யாணம். அதற்குள் உடம்பு குறைய மருந்தோ பொடியோ உண்டா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அதில் மூன்று பக்கம் மாமியார் செய்வது. மகனின் கழுத்துக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரே ஒரு வரி, அதுவும் அவன் சோம்பேறி என்று நிரூபிக்க. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

தும்பு போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை என்கிறீர்கள். எப்படிப் போகும்? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அழுக்கே இல்லை. தோலே கறுத்துத் தடித்துப்போயிருக்கிறது. இன்றைக்கு அவனை வெளிச்சத்தில் உட்காரவைத்து, திட்டாமல், கழுத்தின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெல்வெட் துணியைத் தொடுவதுபோல இருக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும்கூட இருக்கலாம். டாக்டர்கள் இதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் உங்களுக்கு வேண்டாம், காரணம் தெரிந்தால் போதும். உடம்பில் கொழுப்பு கூடும்போது, ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்ட கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. ரத்தத்தில் அது கூடிப்போனால் தோலின் செல்கள் அளவுக்கு மீறி வளரும். அந்த வளர்ச்சியைத்தான் நீங்கள் தினமும் காலையில் தும்பால் உரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இது சர்க்கரை நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அதற்குப் போகிற பாதையில் நிற்கிறான் என்று தோலே சொல்கிறது. அப்பாவுக்கு 38 வயதில் வந்த வீட்டில் இதை எப்படிக் கண்டுகொள்ளாமல் விட்டீர்கள்? ஒரு காலத்தில் பெரியவர்களுக்கு மட்டும் வரும் என்று நினைத்த டைப் 2 சர்க்கரை இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் வருகிறது.

எனக்குக் கோபம் வந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அவன் குளிக்க மடிக்கிறான் என்கிறீர்கள். குளியலறைக்குள் போனாலே கழுத்தைத் தேய்த்து, "அழுக்குப் பிடிச்சவன்" என்ற பேச்சும் கேட்கும் என்றால் எந்தப் பிள்ளை ஆசையாகக் குளிக்கப் போவான்? வகுப்பில் தூங்குகிறான் என்பதையும் அவன் மடிக்குச் சாட்சியாக வைத்திருக்கிறீர்கள். குறட்டை விடும் பருத்த பிள்ளைகளில் சிலருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும். இரவு முழுக்கப் படுத்திருந்தும் தூங்காத பிள்ளை பகலில் தூங்கித்தான் விழும். ஒரு பிள்ளையின் நோவையெல்லாம் எடுத்து அவனுடைய குணக்கேடு என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள். இதே கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து எனக்கு எத்தனையோ முறை வந்துவிட்டது. எல்லாவற்றிலும் குற்றவாளி அந்தப் பிள்ளைதான். அவனுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் யாரும் கூண்டில் ஏறுவதில்லை.

தைராய்டு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில். தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறால் பருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் உயரம் குன்றியும் இருப்பார்கள். உங்கள் மகன் வயதுக்கேற்ற உயரம் இருக்கிறான். டாக்டர் வேண்டுமென்றால் பார்க்கட்டும், நீங்கள் அதன்மேல் பழி போட்டுத் தப்பிக்க வேண்டாம். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டால் அவனுடைய பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 27. பெரியவருக்கே அது அதிகம். 11 வயதுப் பையனுக்கு உள்ள வரம்பு அதைவிட எவ்வளவோ கீழே. கணக்கு புரியவில்லை என்றால் ஒரு கயிறு எடுங்கள். அவன் உயரத்துக்கு அளந்து வெட்டி, சரிபாதியாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் தொடவில்லை என்றால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது.

இனி மாமியார். அவரைப் பற்றி நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தில் பாதியை நான் நம்புகிறேன். நேந்திரம் பழத்தை நெய்யில் வாட்டிச் சர்க்கரை தூவிக் கொடுப்பது அவர்தான், சரி. காலையும் மாலையும் மால்ட் பவுடரைப் பாலில் கரைத்துச் சர்க்கரை போட்டுக் கொடுப்பது யார்? நான்கரை மணிக்கு வேனிலிருந்து இறங்குகிறவன் கையில் பேக்கரி பப்ஸைக் கொடுத்து ஐந்து மணிக்கு டியூஷனுக்கு ஆட்டோவில் ஏற்றுவது யார்? எட்டு மணிக்குத் திரும்பியவன் போனைப் பார்த்தபடி பரோட்டா தின்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த நாளில் அவன் ஓட ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது? 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் தினமும் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆடி ஓட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம் கன்னியாகுமரி. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் ஆறாம் வகுப்புப் பையனுக்கு மூன்று மணி நேரம் டியூஷன் எதற்கு? நிறுத்துங்கள், இல்லை பாதியாக்குங்கள். பள்ளி மைதானத்திலோ கோயில் திடலிலோ பந்து விளையாடட்டும்.

கணவருக்கு இந்தப் பகுதியை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். பிள்ளையை விட்டு வெகுதூரத்தில் உழைக்கும் மனுஷனின் ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பணம் அனுப்புவதோடு அப்பாவின் கடமை தீர்ந்துவிடாது, கோலா அனுப்புவதால் ஈடாகவும் ஆகாது. 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டி. அந்தப் போன் அழைப்பு கடைக்குப் போக வேண்டாம், மகனுக்கு வரட்டும். வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் பிள்ளையோடு பேசட்டும். என்ன வேண்டும் என்று கேட்காமல், இந்த வாரம் யாரோடு விளையாடினாய் என்று கேட்கட்டும்.

சமையலில் ஒன்றே ஒன்று சொல்வேன். அவனுக்குத் தனிப் பானை வைக்காதீர்கள். அவன் முன்னால் ஓட்ஸை வைத்துவிட்டு நீங்கள் எல்லோரும் பரோட்டா பிய்த்தால் அது வைத்தியம் ஆகாது, தண்டனைதான். வீடு முழுக்க ஒரே சாப்பாடு. கஞ்சியும் பயறும், சாளைக் கறி, முருங்கைக்கீரைத் துவரன் எல்லாம் நம் அடுக்களையில் இருப்பதுதானே? மரச்சீனிக் கிழங்கு வைத்தால் அன்று சோறு வேண்டாம், இரண்டும் ஒரே மாவுச்சத்து. தாகத்துக்குத் தண்ணீர். நேந்திரங்காய் சிப்ஸ் டப்பாவும் கோலா பாட்டிலும் வீட்டுக்குள் வராதபோது யாரோடும் மல்லுக்கட்டத் தேவையில்லை. தூக்கம் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. படுக்கும் அறையில் போன் வேண்டாம், உங்களுடையதும்.

அவன் இன்னும் வளர்கிற பிள்ளை. மாமியார் சொன்னதில் அது மட்டும் சரி. அதனால் முதலில் எடை ஏறாமல் நின்றாலே வெற்றி. உயரம் கூடும்போது உடம்பு தானாகப் பொருந்தி வரும். அதற்குமேல் குறைக்க வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். தினமும் எடை பார்த்து அவனைக் கூனவைக்காதீர்கள். எடை குறைந்து இன்சுலின் அடங்கினால் கழுத்தின் கறுப்பும் மெல்ல மங்கும். கிரீம் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். பொடியும் கஷாயமும் பிள்ளைகள் பக்கமே போகக் கூடாது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு வருகிற வாரமே கூட்டிப் போங்கள். காலையில் வெறும் வயிற்றோடு போவது நல்லது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, ஈரல் இவற்றுக்கு ரத்தப் பரிசோதனை சொல்லலாம். ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். குறட்டையை மறக்காமல் சொல்லுங்கள். இடுப்பிலோ முழங்காலிலோ வலி என்று நொண்டினால் அதையும் சொல்லுங்கள். முக்கியமாக, மாமியாரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் சொன்னால் சண்டை வரும் விஷயத்தை அவர் டாக்டர் வாயால் கேட்கட்டும். திரும்பி வந்ததும் மாலை நடைக்குப் பேரனைக் கூட்டிப் போகும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். ஊட்டுகிற கைக்கு வேறு வேலை வேண்டும். இடையில் அவனுக்குத் தாங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், திடீர் மெலிவு என்று எது வந்தாலும் அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள்.

கல்யாணத்துக்குள் குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். குறையாது. அவனுடைய இப்போதைய உடம்புக்குச் சரியான அளவில், அவனுக்குப் பிடித்த நிறத்தில் சட்டை தைத்துக் கொடுங்கள். பந்தியில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரட்டும், பாயசமும் ஒரு கிண்ணம் குடிக்கட்டும். "என்னடே, இப்படி ஊதிட்ட" என்று எந்த மாமாவாவது வாய் திறந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவன் தலை குனியும்வரை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.