குக்கரைத் திரும்ப வாங்கியாச்சு, வாடிக்கையாளர் திரும்ப வருவாரா?

கேள்வி: குடியாத்தத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். நான் விற்ற ஒரு பிரஷர் குக்கர் மாடலில் சேஃப்டி வால்வு சரியில்லை என்று கம்பெனியே திரும்பக் கேட்கிறது. மாற்று வர ஒரு மாதம் ஆகுமாம். 'உங்களை நம்பித்தானே வாங்கினோம்' என்று சிலர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ள 500 ரூபாய் கூப்பன் கொடுக்கலாம் என்கிறான் மகன். கொடுத்தால் வாடிக்கை நிற்குமா?

பதில்: கூப்பன் இப்போது வேண்டாம். கோபத்தில் இருப்பவரிடம் 'இன்னும் கொஞ்சம் செலவு பண்ணுங்க' என்று கேட்டதாகிவிடும். அவர் வீட்டில் இன்று ராத்திரி சோறு வேக வேண்டும். மாற்று வரும்வரை வைத்துக்கொள்ள ஐஎஸ்ஐ முத்திரை உள்ள வேறொரு குக்கரைக் கையில் கொடுத்தனுப்புங்கள். பணம்தான் வேண்டும் என்பவருக்கு முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டு, கம்பெனியிடம் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அதை டீலரிடம் முன்கூட்டியே எழுத்தில் பேசிவிடுங்கள். குக்கரில் உள்ள பேட்ச் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) கம்பெனி சொன்னதோடு பொருந்தினால் பில் எங்கே என்று துருவ வேண்டாம்.

சண்டைக்கு வந்தவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. படியேறி வந்து கேட்பவர் இன்னும் உங்கள் வாடிக்கையாளர்தான். விஷயமே தெரியாமல் அதே வால்வோடு பருப்பு வேகவைப்பவர்களைத்தான் தேட வேண்டும். நம் பக்கத்தில் குக்கர் என்பது கல்யாணப் பரிசு. வாங்கியவர் குடியாத்தத்தில் இருப்பார், அடுப்பில் வைத்திருப்பவர் பேர்ணாம்பட்டிலோ பலமனேரிலோ இருப்பார். அதனால் போனில் 'குக்கர் நல்லா இருக்கா?' என்று கேட்காமல், 'அந்தக் குக்கர் இப்போ யார் வீட்டில் இருக்கு?' என்று கேளுங்கள். பில் புத்தகத்தில் பாதிப் பேருக்கு நம்பர் இருக்காது. தீபாவளிச் சீட்டு நோட்டு இருந்தால் எடுங்கள், அதில் ஊர், தெரு, போன் எல்லாம் இருக்கும். சந்தேகம் என்பவரிடம் பேட்ச் எண்ணைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

இது மரியாதைக்காக மட்டும் செய்கிற வேலையில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் தந்த ஆபத்து எச்சரிக்கையை விற்கும்போது வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டு, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்பவரும் பொறுப்பாளி. பெரிய கடைகளுக்கும் விலக்கில்லை. தர முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக, வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, பொருளைத் திரும்பப் பெற்று, பணத்தைத் தரும்படி 2022-இல் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. தலா 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.

கம்பெனி இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைச் சீட்டில் எழுதி நீங்களே வாடிக்கையாளரிடம் கொடுங்கள். எந்தக் கடைக்காரர் இதைச் செய்வார்? அதனாலேயே உங்கள் கடை நினைவில் நிற்கும்.

திரும்பி வந்த குக்கர்களை எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய பாத்திரங்களோடு போட்டுவிடாதீர்கள். ஏதாவது ஒரு வண்டிக்காரர் அள்ளிக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் விற்றுவிடுவார். மூடியைத் தனியாகக் கழற்றிக் கட்டி, பெயர்ச் சீட்டு ஒட்டி வையுங்கள். எண்ணிக்கை போட்ட ரசீது கைக்கு வராமல் கம்பெனி ஆளிடம் ஒன்றைக்கூட ஏற்றி அனுப்பாதீர்கள்.